பெயரைக் கூப்பிடும்போது எதற்கென்றும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தீர்கள். அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வார்மர்கள், அதாவது குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் கருவிகள், வந்திருக்கின்றன. ரிப்பன் வெட்டியவர்கள் வரிசையாக நின்றார்கள். எத்தனை வார்மர், எத்தனை லட்சம் என்று விவரமாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பிரிவின் கதவுக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அதே மாதிரி ஒரு வராந்தாவில் நான் 38 நாள் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் மின்வாரியத்தில் ஹெல்ப்பராகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவன். உங்கள் வாசகர் பகுதிக்கு முன்பே நாலைந்து கடிதம் எழுதியிருக்கிறேன். எல்லாம் தெருவிளக்கு, சாக்கடை, நிறுத்தத்தில் நிற்காத பேருந்து. இந்தத் தடவை கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு 31-வது வாரத்தில் கால் முகமெல்லாம் வீங்கி, பிரஷர் எகிறிவிட்டது. தாலுகா மருத்துவமனையில் சேர்த்தோம். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கென்று 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி போட வேண்டும் என்றார்கள். இரண்டு போட்டாயிற்று. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டி சொல்லிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்துவிட்டது. அங்கேயே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒரு கிலோ 280 கிராம். குறைமாதக் குழந்தையை வேறு மருத்துவமனைக்கு மாற்றுவதாக இருந்தால் வயிற்றுக்குள் இருக்கும்போதே தாயோடு மாற்றுவதுதான் மேல் என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். எங்களுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை.

மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறார். அன்றைக்கு நாக்பூர் பக்கம் லோடோடு இருந்தார். மயக்கத்தில் கிடந்த மகளிடம் என் மனைவியை இருக்கச் சொல்லிவிட்டு, குழந்தையோடு 108-இல் ஏறியது நான்தான். இன்குபேட்டர் பொருத்திய, பச்சிளங்குழந்தைகளுக்கென்றே உள்ள வண்டி. கூட வந்த பையன் வழி முழுக்கக் குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் ரோட்டோர டிரான்ஸ்பார்மர்களை எண்ணிக்கொண்டு வந்தேன். பழக்கம்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். மூன்று தாளில் கையெழுத்து வாங்கினார்கள். உறவுமுறை என்ற இடத்தில் 'தாத்தா' என்று எழுதினேன். குழந்தையின் காலில் கட்டிய பட்டையில் அதன் பெயர் இல்லை, என் மகள் பெயர்தான். உள்ளே எல்லாக் குழந்தைக்கும் 'இன்னாருடைய பேபி' என்றுதான் பெயர். கதவு சாத்தினார்கள். நாலு மணி நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் திடீரென்று கதவைத் திறந்து ஒரு அம்மா, என் மகள் பெயரைச் சொல்லி, "பேபி அட்டெண்டர் யாரு? உடனே வாங்க!" என்று சத்தம் போட்டார். வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு முப்பது அடி இருக்கும். கம்பத்தில் ஏறி இறங்கியே வயதான கால் அது, அன்றைக்கு முப்பது அடி நடக்க வரவில்லை. போனால், டயப்பர் ஒரு பாக்கெட்டும் பஞ்சு ஒரு ரோலும் வாங்கி வரச் சொன்னார்கள்.

அதற்கப்புறம் 38 நாளும் இதேதான். பால் கொடுக்கக் கூப்பிட்டாலும், லேப்புக்கு ரத்தம் கொண்டுபோகக் கூப்பிட்டாலும், "நிலைமை கொஞ்சம் மோசமா இருக்கு" என்று சொல்லக் கூப்பிட்டாலும், குரல் ஒன்று, வார்த்தை ஒன்று. பெயரைக் கேட்டதும் வராந்தாவே எழுந்து நிற்கும். யார் பெயர் இல்லையோ அவர்கள் உட்கார்ந்துகொள்வார்கள். பக்கத்துப் பாயில் இருந்த ஒரு இளம் தகப்பன், கட்டட வேலைக்காரர், ஒவ்வொரு தடவையும் எழுந்து செருப்பை மாட்டிக்கொள்வார். பன்னிரண்டாம் நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு அவரைக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பி வரும்போது கையில் வெள்ளைத் துணியில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. காலையில் அவருடைய பாயை யார் எடுப்பது என்று தெரியாமல் அப்படியே கிடந்தது.

நான் ஃப்யூஸ் ஆஃப் கால் எடுத்த ஆள். கரண்ட் போனதும் ஆபீசுக்கு போன் செய்பவர்கள் கேட்பது இரண்டே கேள்விதான். என்ன ஆச்சு? எப்ப வரும்? எப்ப வரும் என்று நமக்கே தெரியாது. ஆனாலும் "பீடர்ல பால்ட்டு, ஆளு போயிருக்கு" என்று சொல்லிவிட்டால் திட்ட வந்தவன்கூட "சரி சார்" என்று வைத்துவிடுவான். போனை எடுக்காமல் விட்டால்தான் ஊரே திரண்டு வரும். இதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு இருபது வருடம் ஆனது என்பது வேறு விஷயம்.

இரண்டாம் நாள் மதியம், ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு, ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். வாட்ச், மோதிரம், கையில் கட்டியிருந்த கறுப்புக் கயிறு எல்லாம் கழற்றச் சொல்லி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வைத்தார்கள். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய உருவம். கண்ணை மூடி ஒரு கட்டு, வாயில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய், தொப்புளில் ஒன்று, காலில் சிவப்பு விளக்கு எரியும் ஒரு பட்டை. என் மனைவி பார்த்திருந்தால் அங்கேயே விழுந்திருப்பாள். எனக்கு வயரைப் பார்த்தால் பயம் வராது, அது எங்கே போகிறது என்றுதான் பார்ப்பேன். அன்றைக்கு டியூட்டியில் இருந்த சிஸ்டர், கேரளத்துப் பெண் என்று பேச்சில் தெரிந்தது, நான் வயர்களைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "தாத்தா கரண்ட் ஆபீஸா?" என்று கேட்டார். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த ஐந்து நிமிடம் இல்லாவிட்டால் மீதி 36 நாளை நான் தாண்டியிருக்க மாட்டேன்.

வயிற்றில் ஒட்டியிருந்தது வெப்பம் அளக்கும் சென்சார். தோல் சூடு 36.5 டிகிரிக்குக் கீழே போனால் மேலே இருக்கும் ஹீட்டர் தானாக எரியும், ஏறினால் அணையும். நம் அயர்ன்பாக்ஸ் வேலை செய்கிற அதே விதம்தான். மூக்கில் இருந்தது சிபாப். அந்தக் குழாயின் மறுமுனை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் முங்கியிருக்கிறது, மீன்தொட்டி மாதிரி குமிழி விடுகிறது. எவ்வளவு ஆழத்தில் முங்குகிறதோ அவ்வளவு அழுத்தம். அந்த அழுத்தம்தான் முதிராத நுரையீரலின் சின்னச் சின்ன அறைகள் ஒட்டிப்போகாமல் விரித்து வைக்கிறது. குமிழி வந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம், நின்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பல லட்ச ரூபாய் மிஷின்களுக்கு நடுவே எனக்கு மனதுக்குப் பிடித்தது இந்த பாட்டில்தான்.

குழந்தை மேல் அடித்த நீல வெளிச்சம் மஞ்சள் காமாலைக்கு. குறைமாதக் குழந்தைகள் பெரும்பாலானவற்றுக்கு வரும். அது புற ஊதா ஒளி இல்லை, வெறும் நீலம். கண்ணைக் கட்டுவது வெளிச்சம் படாமல் இருக்க. வாய்க் குழாய் வயிற்றுக்குப் பால் போக. தினமும் ஒரு வேளை காஃபின் கொடுத்தார்கள். காப்பியில் இருக்கும் அதே காஃபின்தான். இவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தைகள் தூக்கத்தில் மூச்சு விட மறந்துவிடுமாம். மறந்தால் சிஸ்டர் உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டுவார், திரும்ப ஞாபகம் வந்துவிடும்.

அலாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியே இருப்பவர்களைக் கொல்வது அதுதான். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து டிங் டிங் என்று வரும். நான் போனபோதும் என் பேத்தியின் மானிட்டர் கத்தியது. சிஸ்டர் மானிட்டரைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்தார். நிறம் நன்றாக இருந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது. காலில் இருந்த பட்டையைச் சரிசெய்தார், சத்தம் நின்றது. "லூஸ் காண்டாக்ட் தாத்தா." எல்லாச் சத்தமும் லூஸ் காண்டாக்ட் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் பல சத்தம் அதுதான் என்று தெரிந்த பிறகு ராத்திரி இரண்டு மணி நேரமாவது தூங்கினேன்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 92, 93 என்று மானிட்டர் காட்டியது. "ஏன் சிஸ்டர் நூறு வைக்கக் கூடாது?" என்று கேட்டேன். குறைந்தால் ஆபத்து, அதிகமானாலும் ஆபத்து, 90-க்கும் 95-க்கும் நடுவில்தான் வைக்க வேண்டும், கூடினால் கண்ணின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரும் என்றார். இதற்கு ஆர்.ஓ.பி. என்று பெயர். இதற்காக 28-வது நாள் கண் டாக்டர் வந்து சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். இந்தச் சோதனையை மட்டும் யாரும் தவற விடாதீர்கள். 1996-இல் சென்னையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு உரிய நேரத்தில் கண் சோதனை செய்யச் சொல்லாததால் பார்வையே போய்விட்டது. அந்தத் தகப்பனார் வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் 2015-இல் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பணம் வந்து என்ன செய்ய. நேரத்தோடு கண்டுபிடித்தால் லேசரில் தடுத்துவிடலாம். குழந்தையை அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும் தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு நீங்களே போய் நிற்க வேண்டும்.

பால் விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. மகள் அறுபது கிலோமீட்டர் தள்ளி, குழந்தை இங்கே. அந்த மூன்று நாளும் தாய்ப்பால் வங்கிப் பாலைக் கொடுத்தார்கள். போனில் என் மனைவி, "ஏங்க, யார் பெத்த தாயோட பாலோ, நம்ம புள்ளைக்கா?" என்றாள். கொடுக்கும் தாய்மாருக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கித்தான் தருகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னேன். அப்படியும் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் மகளையும் குழந்தை இருந்த மருத்துவமனைக்கே மாற்றிக் கொண்டுவந்தோம். கையால் பீய்ச்சி எடுத்த சீம்பால் ஒரு சிரிஞ்சின் அடியில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மில்லிகூட இல்லை. "இது போதுமா?" என்று அழுதாள். "பேபி குடிக்கறதே ரெண்டு மில்லிதான்" என்றார் சிஸ்டர். மூன்றாம் வாரத்தில் மகளுக்குப் பால் மிஞ்சியது. அதை அதே வங்கிக்குக் கொடுத்தாள். இப்போது என் மனைவி அதைத் தெருவெல்லாம் பெருமையாகச் சொல்கிறாள்.

எடை குறையும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். 1,280 இருந்தது ஏழாம் நாளில் 1,150 ஆனது. நாங்கள் ஏதோ பறிபோகிறது என்று நினைத்தோம். பிறந்த எல்லாக் குழந்தைக்கும் முதல் வாரம் குறையும், குறைமாதத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடக் குறையும், இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்கு வந்துவிடும் என்பது எங்களுக்கு எட்டாம் நாள்தான் தெரிந்தது. அதேபோலத்தான் ஒன்பதாம் நாள். வயிறு உப்பியிருக்கிறது, கிருமித் தொற்றாக இருக்கலாம் என்று பாலை நிறுத்திவிட்டு ஆன்டிபயாடிக் ஆரம்பித்தார்கள். ரத்தக் கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை காத்திருந்தால் குழந்தை தாங்காது, அதனால் முதலிலேயே மருந்து. இது நியாயம். ஆனால் எங்களுக்குச் சொன்னது, "இன்ஃபெக்‌ஷன். பால் கிடையாது" என்று இரண்டே வாக்கியம். நேற்று நன்றாக இருக்கிறது என்றவர்கள் இன்றைக்கு இப்படிச் சொல்கிறார்களே என்று மாப்பிள்ளை டாக்டரோடு சண்டைக்குப் போய்விட்டார். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். இந்தப் பிரிவில் குழந்தைகள் நேராக ஏறுவதில்லை. ஒரு நாள் ஏறினால் இரண்டு நாள் இறங்கும். முதல் நாளே இதைச் சொல்லிவிட்டால் சண்டை பாதியாகக் குறையும்.

பதினாலாம் நாள் சிபாப் எடுத்தார்கள். மறுநாளிலிருந்து கங்காரு முறை. மகள் சட்டையைத் திறந்து, குழந்தையை டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்டு நெஞ்சோடு நெஞ்சாகக் கட்டிக்கொள்வாள். இந்த முறை 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து அரசு மருத்துவமனையில், இன்குபேட்டர் போதாமல் தவித்தபோது ஒரு டாக்டர் தொடங்கியதாம். ஒரு வாரம் கழித்து மகளுக்குக் காய்ச்சல் வந்தது, மாப்பிள்ளை லோடுக்குப் போய்விட்டார், என் மனைவிக்கு இருமல். "தாத்தா, நீங்க குளிச்சுட்டு வாங்க" என்றார் அந்த சிஸ்டர். நான் விளையாட்டு என்று நினைத்தேன். குளித்து, சுத்தமான சட்டை போட்டுப் போனேன். பட்டனைத் திறந்து, நரைத்த முடி நிறைந்த என் நெஞ்சில் வைத்துத் துணியால் கட்டிவிட்டார்கள். மட்டையோடு ஒரு தேங்காய் அளவு கனம். மூச்சு விடுவது என் தோலில் தெரிந்தது. மானிட்டரில் இதயத் துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ஒரே சீராக நின்றதை நானே பார்த்தேன். இரண்டு மணி நேரம் அசையவில்லை. கொசு கடித்தது, அடிக்கவில்லை. என் மகளை அவள் பிறந்தபோது மூன்று மாதம் வரை நான் தூக்கியதே கிடையாது, ஆம்பிளை தூக்கக் கூடாது என்பார்கள் எங்கள் அம்மா.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பிறந்த கையோடு, உடல்நிலை சீராகும் வரை காத்திராமல் இப்படித் தாயின் நெஞ்சில் வைத்தால் இறப்பு நாலில் ஒரு பங்கு குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021-இல் வந்திருக்கிறது, டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் ஒன்று என்று பி.ஜி. படிக்கும் ஒரு டாக்டர் தம்பி சொன்னார். அதற்குத் தாயின் கட்டிலும் குழந்தை இருக்கும் அறையிலேயே இருக்க வேண்டும். நான் பார்த்த இடத்தில் இருபது தாய்மாருக்கு ஆறு கட்டில். ஆபரேஷன் செய்து தையல் பிரிக்காத பெண்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தரையிலிருந்து கையூன்றி எழுந்து பால் கொடுக்கப் போனார்கள். புது வார்மருக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் போட எவ்வளவு ஆகிவிடும்?

பணத்தைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். அரசு மருத்துவமனையில் மருந்து, சோதனை, வண்டி எதற்கும் எங்களிடம் வாங்கவில்லை. அரசு விதிப்படி வாங்கவும் கூடாது. செலவானது சாப்பாடு, பேருந்து, டயப்பர், அப்புறம் ஸ்ட்ரெச்சர் தள்ளியவருக்கும் கதவு திறந்தவருக்கும் கொடுத்த இருநூறும் நூறும். கடைசியில் சொன்னது எந்த விதியிலும் இல்லை என்பது வாங்கியவருக்கும் தெரியும்.

38-வது நாள் 1,770 கிராமில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பாலாடையில் புகட்டப் பழக்கினார்கள். என் மனைவி பரணில் இருந்த எங்கள் அம்மாவின் வெள்ளிப் பாலாடையைத் தேய்த்துக் கொண்டுவந்தாள். கொதிக்க வைத்துக் கழுவ எவர்சில்வர்தான் வசதி என்று சிஸ்டர் திருப்பிக் கொடுத்துவிட்டார். காது கேட்கும் சோதனைக்கும், மறுபடி கண்ணுக்கும் தேதி எழுதிக் கொடுத்தார்கள். கழுத்து நிற்பதையும் குப்புற விழுவதையும் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணச் சொன்னார்கள். தடுப்பூசி மட்டும் பிறந்த தேதிப்படி. "நாலு மாசம் ஆச்சே, இன்னும் கழுத்து நிக்கலையா?" என்று கேட்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு இந்தக் கணக்கை நான் மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. கதவைத் திறந்து பெயரைக் கூப்பிடும்போது, "பால் கொடுக்க", "டயப்பர் வாங்க", "டாக்டர் பேசணும்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். தினம் ஒரு நேரம் குறித்து, ஒருவர் வந்து ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் இரண்டு நிமிடம் பேசட்டும். உள்ளே இருக்கும் சிஸ்டர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை என்பதை என் கண்ணால் பார்த்தேன். ராத்திரியில் இரண்டு பேர் அத்தனை குழந்தைகளையும் பார்த்துக்கொண்டார்கள். அதனால்தான் சேர்க்கும்போதே ஒரு தாள் கொடுங்கள் என்கிறேன்.

அந்தத் தாளை நானே எழுதினேன். எந்தக் குழாய் எதற்கு, அலாரம் ஏன் அடிக்கிறது, எடை ஏன் குறையும், எப்போது உள்ளே விடுவார்கள், கண் சோதனை எந்த நாள். அந்த பி.ஜி. தம்பி படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தினார். கம்ப்யூட்டர் சென்டரில் அடித்து நூறு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனேன். ஆர்.எம்.ஓ., அதாவது நிலைய மருத்துவ அலுவலர், அனுமதி இல்லாமல் கொடுக்கக் கூடாது என்றார்கள். மனு கொடுத்தேன். ஆறு வாரம் ஆகிறது. தாள்கள் எங்கள் வீட்டுப் பீரோ மேல் இருக்கின்றன. இடம் இருந்தால் உங்கள் பத்திரிகையில் அதைப் போடுங்கள், ஒரு பிரதி இதோடு இணைத்திருக்கிறேன்.

பெயரும் ஊரும் போட வேண்டாம். ஊரைப் போட்டால் மருத்துவமனை தெரிந்துவிடும், அந்த சிஸ்டரை யாராவது கேள்வி கேட்பார்கள்.

இப்படிக்கு,
மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற போர்மேன் ஒருவர்